கால் நூல் இடைவெளி

உரைநடை உலகம்

நுழையும்முன்

தச்சரும் கொத்தரும் வழங்கும் சிறிய அளவுகளுள் ஒன்று நூல். ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கே ஒரு நூல். அந்த நூலிலும் கால் பங்காகிய ஓர் இடைவெளியை மின்பொறி தாவிக் கடப்பதால்தான் பெட்ரோலில் ஓடும் மகிழுந்து நகர்கிறது. அவ்விடைவெளி ஓரிரு மயிரிழை அளவு மாறினாலும் ஊர்தி தடுமாறும். கண்ணால் மதிப்பிடுவதற்கும் கருவியால் அளந்தறிவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு பொருள் ஒன்றின் வழியாக அறிவோம்.

மலையடிவாரத்தில் எந்திரங்கள்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேகமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் ராயப்பன்பட்டி. சண்முகாநதி அணையை அடுத்துள்ள இவ்வூரைச் சுற்றிலும், கல்தூண்களின்மேல் கம்பி வேய்ந்த திராட்சைப் பந்தல்கள் பரந்து கிடக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது.

இங்கு எந்திரமின்றி ஒருநாளும் கழிவதில்லை. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்ல இருசக்கர ஊர்தியும் மகிழுந்தும் வேண்டும். திராட்சைக்கு மருந்தடிக்கப் பெட்ரோல் எந்திரத்தால் இயங்கும் தெளிப்பான் வேண்டும். மழை பெய்து ஓய்ந்த ஈரத்தில் அடிச்சாம்பல் நோய் விரைந்து பரவும். உரிய நாளில் மருந்து தெளிக்கப்படாவிடில் இலையிலிருந்து பூங்கொத்திற்கும் பிஞ்சிற்கும் நோய் தாவும். கவாத்து முதல் காத்திருந்த உழவரின் உழைப்பு, தெளிப்பான் கிளம்பாத ஒரு காலைப்பொழுதினால் வீணாகக்கூடும்.

ஊரைச் சூழ்ந்த சாலைகளும் எந்திரத்தின் வலிமையைச் சோதிப்பவை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ள கம்பத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் ஊர்தி, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திற்கு ஏற வேண்டும். சின்னமனூரிலிருந்து மேகமலைக்குச் செல்லும் பாதையோ 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம்வரை செல்வது.

சமவெளியில் குறையின்றி ஓடிய மகிழுந்து மலைப்பாதையில் திணறுவதைப் பலரும் கண்டிருப்பர். முடுக்கியை மிதித்தாலும் விரைவு கூடாது. எந்திரம் இடையிடையே விக்கும். "வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது, இழுவை இல்லை" என்பர் ஓட்டுநர். பழுது நீக்குபவர் முதலில் கழற்றிப் பார்ப்பவற்றுள் ஒன்று, கைவிரல் அளவே உள்ள ஒரு பொருள். அதுவே 'ஸ்பார்க் பிளக்' எனப்படும் தீப்பொறிச் செருகி. பணிமனைகளில் 'பிளக்' என்றே அது சுருக்கமாக வழங்கப்படுகிறது. நாமும் அவ்வழக்கைப் பின்பற்றுவோம்.

எந்திரத்தினுள் நிகழ்வது

பெட்ரோல் எந்திரத்தின் உருளைக்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து நுழைகின்றன. பிஸ்டன் மேலெழுந்து அக்கலவையைச் சிறு இடத்திற்குள் அமுக்குகிறது. அமுக்கம் உச்சத்தை நெருங்கும் நொடியில் பிளக்கின் முனையில் மின்பொறி தோன்றுகிறது. கலவை தீப்பற்றி விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்த உந்துவிசையே சக்கரங்களைச் சுழற்றுகிறது.

மகிழுந்துகளில் உள்ள நான்கு வீச்சு எந்திரம் இருமுறை சுழலும்போது ஒவ்வோர் உருளையிலும் ஒருமுறை பொறி எழ வேண்டும். நிமிடத்திற்கு 2500 சுழற்சி எனக் கொண்டால், ஒரு பிளக் நிமிடத்திற்கு 1250 முறை பொறியை எழுப்புகிறது. மணிக்குச் சராசரியாக 50 கிலோமீட்டர் விரைவில் 20,000 கிலோமீட்டர் பயணம் செய்ய 400 மணி நேரம் ஆகும். அதற்குள் ஒவ்வொரு பிளக்கும் மூன்று கோடி முறை பொறியைத் தோற்றுவித்திருக்கும். இவற்றுள் ஒன்று தவறினாலும் அந்த வீச்சில் எரியாத பெட்ரோல் வெளியேறுகிறது.

டீசல் எந்திரத்தில் இத்தகைய பிளக் இல்லை. அங்குக் காற்று மிகுதியாக அமுக்கப்படுவதால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் ஜீப்புகளுள் பெரும்பாலானவை டீசலில் ஓடுவன என்பதால், இங்குக் கூறப்படும் செய்திகள் அவற்றுக்குப் பொருந்தா.

பிளக்கின் உறுப்புகள்

பிளக்கின் நடுவே ஓர் உலோகத் தண்டு செல்கிறது. அதன் கீழ்நுனி நடு மின்முனை. தண்டைச் சூழ்ந்திருக்கும் வெண்ணிறப் பீங்கான் போன்ற பகுதி மின்காப்பான். முற்காலத்தில் மைக்காவாலும் பீங்கானாலும் செய்யப்பட்ட இக்காப்பான் இன்று அலுமினியம் ஆக்சைடால் செய்யப்படுகிறது. மின்காப்பானைத் தாங்கியிருக்கும் எஃகு உடலின் கீழ்ப்பகுதியில் திருகுமரை உள்ளது. உடலின் விளிம்பிலிருந்து ஒரு சிறு உலோகப்பட்டை வளைந்து நடு மின்முனையின் எதிரே நிற்கிறது. இது புவி மின்முனை எனப்படும்.

நடு மின்முனைக்கும் புவி மின்முனைக்கும் இடையே உள்ள வெற்றிடமே நாம் அறியவேண்டிய இடைவெளி. பிளக்கின் மற்ற உறுப்புகள் அனைத்தும் இவ்வெற்றிடத்தில் பொறி எழுவதற்காகவே அமைந்துள்ளன.

இவ்வளவு சிறிய பொருள் தாங்கும் இன்னல்கள் பெரியவை. கலவை எரியும்போது அதன் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியசைத் தாண்டும். அடுத்த வீச்சிலேயே குளிர்ந்த புதுக்கலவை அதன்மேல் மோதும். இவ்வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கியவாறே, பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் வேறுவழியில் கசியாமலும் பிளக் காக்க வேண்டும்.

இடைவெளியும் மின்னழுத்தமும்

மகிழுந்தின் மின்கலம் தருவது 12 வோல்ட். அதனைக்கொண்டு காற்றைக் கடந்து பொறியை எழுப்ப இயலாது. 'காயில்' எனப்படும் மின்தூண்டு சுருள் அதனைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. திறந்த வெளியில் ஒரு மில்லிமீட்டர் காற்றைப் பொறி கடக்க ஏறத்தாழ 3000 வோல்ட் தேவை. உருளைக்குள் கலவை அமுக்கப்பட்டிருப்பதால் இத்தேவை பன்மடங்காகிறது. பெரும்பாலும் 10,000 முதல் 25,000 வோல்ட் வரை வேண்டியிருக்கும்.

வாயுவின் அழுத்தமும் இடைவெளியும் கூடக்கூடப் பொறி எழத் தேவையான மின்னழுத்தமும் கூடும். இவ்வுறவை ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிச் பாஷன் 1889ஆம் ஆண்டு வெளியிட்டார். மலைப்பாதையில் ஊர்தி திணறுவதற்கான விடை இவ்விதியில் உள்ளது.

சமவெளியில் மெல்லச் செல்லும்போது முடுக்கியைச் சிறிதளவே மிதிக்கிறோம். உருளைக்குள் நுழையும் கலவை குறைவு. அதன் அமுக்கமும் குறைவு. தேய்ந்து அகன்ற இடைவெளியைக்கூட அப்போது பொறி எளிதில் கடந்துவிடும். மலையேற்றத்தில் முடுக்கியை ஆழ மிதிக்கிறோம். உருளை கலவையால் நிறைகிறது, அழுத்தம் உயர்கிறது, தேவையான மின்னழுத்தமும் உயர்கிறது. அதனைத் தரச் சுருளால் இயலாதபோது பொறி எழுவதில்லை. சமவெளியில் மறைந்திருந்த குறை மலையில் வெளிப்படுகிறது. பிளக் மலையில் திடீரெனக் கெட்டுவிடவில்லை. அதன் இடைவெளி நெடுநாளாகவே அகன்றுகொண்டிருந்தது என்பதே உண்மை.

இடைவெளி குறுகினால் நன்மை உண்டோ எனில், அதுவும் இல்லை. மிகக் குறுகிய இடைவெளியைப் பொறி எளிதில் கடக்கும். ஆயினும் அப்பொறி சிறியது. கலவையின் சிறு பகுதியையே தொடுவது. அதில் பிறக்கும் தீக்கரு அருகிலுள்ள மின்முனைகளிடம் வெப்பத்தை இழந்து அணைந்துபோகவும் கூடும். எந்திரம் நின்ற நிலையில் சீராகச் சுழலாது. எரிபொருள் முழுமையாக எரியாது. ஆகவே குறையாமலும் மிகாமலும் அமைந்த அளவே தேவை.

அவ்வளவு எந்திரத்திற்கு எந்திரம் வேறுபடும். பழைய மகிழுந்துகளில் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை. வலிமைமிக்க சுருள்களைக் கொண்ட புதிய மகிழுந்துகளில் 1.0 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை; சிறிய தெளிப்பான் எந்திரங்களில் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருப்பது வழக்கம். இவை பொதுவான அளவுகளே. ஓர் ஊர்திக்கு உரிய அளவை அதன் பயனர் கையேட்டிலிருந்தே அறிய வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

பெல்ஜியத்தில் பிறந்து பாரிசில் வாழ்ந்த எத்தியென் லெனுவார் 1860ஆம் ஆண்டு உருவாக்கிய எரிவளி எந்திரத்தில் மின்பொறியால் கலவையைப் பற்றவைத்தார். எனினும் விரைந்து சுழலும் எந்திரங்களுக்குத் தவறாத பொறியைத் தருவது நெடுங்காலம் சிக்கலாகவே இருந்தது. ராபர்ட் பாஷின் பணிமனையில் பணியாற்றிய கோட்லோப் ஹோனோல்ட் 1902ஆம் ஆண்டு உயர் மின்னழுத்தக் காந்த மின்னாக்கியையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கி அச்சிக்கலைத் தீர்த்தார். இந்தியாவில் 1951ஆம் ஆண்டு பெங்களூருவில் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி தொடங்கப்பட்டது. 'மைக்கோ' என்னும் அதன் சுருக்கப்பெயர் நம் பணிமனைகளில் பல்லாண்டுகள் பிளக்கோடு சேர்ந்தே ஒலித்தது. அந்நிறுவனம் 2008ஆம் ஆண்டு பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

தேர்ந்தெடுக்கும் முறை

கடையில் அடுக்கப்பட்டுள்ள பிளக்குகள் ஒரே தோற்றமுடையவை போல் காணப்படும். அவற்றுள் தம் எந்திரத்திற்கு உரியதைத் தெரிந்தெடுக்க நான்கு செய்திகளை நோக்க வேண்டும்.

முதலாவது, உடல் அளவு. திருகுமரையின் விட்டம் பல மகிழுந்துகளில் 14 மில்லிமீட்டர். சிலவற்றில் 12 அல்லது 10 மில்லிமீட்டர். விட்டம் மாறினால் பிளக் துளைக்குள் செல்லாது. எனவே அத்தவறு உடனே தெரிந்துவிடும். மரையின் நீளத்தில் நேரும் தவறோ மறைந்திருந்து கெடுக்கும். 19 மில்லிமீட்டர் நீளமுள்ள துளையில் 12.7 மில்லிமீட்டர் பிளக்கைப் பொருத்தினால் பொறி துளைக்குள்ளேயே ஒடுங்கும். மிஞ்சிய மரைகளில் கரி படியும். குறுகிய துளையில் நீண்ட பிளக்கைப் பொருத்தினால் மேலெழும் பிஸ்டன் அதில் மோதக்கூடும். சிறு பிளக் ஒன்றின் தவறால் எந்திரம் முழுவதும் பிரிக்கப்பட நேரும்.

இரண்டாவது, வெப்ப எண். பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் அதில் படியும் கரி தானே எரிந்து நீங்கும். 850 டிகிரியை ஒட்டி உயர்ந்தாலோ, பொறி எழுமுன்பே சூடான நுனி கலவையைப் பற்றவைத்துவிடும். அது பிஸ்டனை உருக்கித் துளையிடும் அளவுக்குத் தீங்கு விளைவிக்கும். இவ்விரு எல்லைகளுக்கு இடையே நுனியின் வெப்பத்தை நிறுத்துவது மின்காப்பான் மூக்கின் நீளம். மூக்கு நீண்டிருந்தால் வெப்பம் மெல்ல வெளியேறும். அது சூட்டுப் பிளக். மூக்கு குறுகியிருந்தால் வெப்பம் விரைந்து வெளியேறும். அது குளிர்ப் பிளக்.

உத்தமபாளையத்திற்குச் சென்று உடனே திரும்பும் மகிழுந்தின் எந்திரம் முழுச் சூட்டை எட்டுவதற்குள் நிறுத்தப்படும். அதில் கரி படிய வாய்ப்பு மிகுதி. அதே மகிழுந்து சுமையுடன் மேகமலை ஏறும்போது நுனியின் வெப்பம் உயரும். உற்பத்தியாளர் இவ்விரு நிலைகளையும் கருதியே வெப்ப எண்ணை வகுத்துள்ளார். கரி படிகிறது என்பதற்காகச் சூட்டுப் பிளக்குக்கு மாறுவது சமவெளியில் நன்றாகத் தோன்றினும் மலையேற்றத்தில் எந்திரத்தைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது, மின்தடை. பிளக்கின் நடுத்தண்டில் ஏறத்தாழ 5000 ஓம் மின்தடை அமைந்த வகை உண்டு. பொறி எழும்போது பரவும் மின்காந்த இரைச்சலை அது அடக்குகிறது. மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி பொருந்திய புதிய ஊர்திகளில் தடையற்ற பிளக்கைப் பொருத்தினால் அக்கருவியின் செயல் குழம்பக்கூடும்.

நான்காவது, மின்முனையின் உலோகம். செம்பு உள்ளீட்டையுடைய நிக்கல் கலவை விலை குறைந்தது. எனினும் விரைவில் தேயும். பிளாட்டினமும் இரிடியமும் விலை மிக்கவை, நெடுங்காலம் உழைப்பவை. நிக்கல் 1455 டிகிரியிலும் பிளாட்டினம் 1768 டிகிரியிலும் இரிடியம் 2446 டிகிரியிலும் உருகுபவை என்பதே இவற்றின் உழைப்புக்கும் குறிப்பு. எனினும் விலை மிகுந்ததே சிறந்தது என முடிவு கட்டலாகாது. நிக்கல் பிளக்குக்கு என வடிவமைக்கப்பட்ட எந்திரத்தில் நிக்கல் பிளக்கை உரிய காலத்தில் மாற்றிவருவதே போதுமானது.

குறியீட்டைப் படித்தல்

இந்நான்கு செய்திகளும் பிளக்கின்மேல் எழுத்துகளாகவும் எண்களாகவும் பொறிக்கப்பட்டுள்ளன. 'பி பி ஆர் 6 இ எஸ்' என்னும் என்.ஜி.கே. நிறுவனக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் 'பி' 14 மில்லிமீட்டர் மரையைக் குறிக்கும். இரண்டாம் 'பி' மின்காப்பான் மூக்கு வெளியே நீண்டிருப்பதைச் சுட்டும். 'ஆர்' மின்தடை உள்ளதைக் காட்டும். '6' வெப்ப எண். 'இ' 19 மில்லிமீட்டர் மரை நீளம். 'எஸ்' வழக்கமான செம்பு உள்ளீட்டு மின்முனை. 'இ' இருக்கும் இடத்தில் 'எச்' இருந்தால் மரை நீளம் 12.7 மில்லிமீட்டர். ஓர் எழுத்து பிறழப் பொருள் பிறழும் என்பது மொழிக்கு மட்டும் உரியதன்று.

இங்கு ஒரு மயக்கம் நேரக்கூடும். என்.ஜி.கே., டென்சோ ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் குறியீட்டில் எண் உயர்ந்தால் பிளக் குளிர்ந்த வகை. பாஷ், சாம்பியன் ஆகியவற்றின் குறியீட்டில் எண் உயர்ந்தால் பிளக் சூட்டு வகை. ஒரு நிறுவனத்தின் 6ஆம் எண்ணை மற்றொரு நிறுவனத்தின் 6ஆம் எண்ணோடு ஒப்பாகக் கருதி வாங்குவது தவறு. நிறுவனம் மாறும்போது ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்தே வாங்க வேண்டும்.

இடைவெளியை அளத்தல்

பொறி எழும் ஒவ்வொரு முறையும் மின்முனையிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத உலோகத்துகள் நீங்குகிறது. நிக்கல் மின்முனையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.01 மில்லிமீட்டர் அளவில் இடைவெளி அகலும். 20,000 கிலோமீட்டர் ஓடியபின் அது 0.2 மில்லிமீட்டர் கூடியிருக்கும். 0.8 மில்லிமீட்டராக இருந்தது 1.0 மில்லிமீட்டராகிவிடும். நான்கில் ஒரு பங்கு மிகுந்த இவ்வேறுபாடு இரண்டு மூன்று மயிரிழைகளின் பருமனே. அதனைக் கண்ணால் உணர இயலாது.

ஆகவே கருவி வேண்டும். 'ஃபீலர் கேஜ்' எனப்படும் தகட்டுமானி, பல பருமன்களில் அமைந்த மெல்லிய எஃகுத் தகடுகளின் தொகுப்பு. ஒவ்வொரு தகட்டிலும் அதன் பருமன் பொறிக்கப்பட்டிருக்கும். தேவை 0.8 மில்லிமீட்டர் எனில், அத்தகட்டை இரு மின்முனைகளுக்கிடையே செலுத்த வேண்டும். இலேசான உரசலோடு அது நுழைய வேண்டும், 0.9 மில்லிமீட்டர் தகடு நுழையாதிருக்க வேண்டும். இவ்விரு சோதனைகளும் நிறைவேறினால் அளவு சரியானது. பயன்படுத்திய பிளக்கின் மின்முனை குழிந்து தேய்ந்திருக்கும். தட்டையான தகடு அக்குழியின் மேலாகச் சென்றுவிடுவதால் உண்மையான இடைவெளி குறைத்துக் காட்டப்படும். அத்தகைய பிளக்குக்குக் கம்பிமானி பொருத்தமானது.

இடைவெளி மிகுந்திருந்தால் புவி மின்முனையை மரப்பலகையின்மேல் மெல்லத் தட்டிக் குறைக்கலாம். குறைந்திருந்தால் மானியோடு உள்ள கொக்கியால் புவி மின்முனையை மட்டும் சிறிதுசிறிதாக உயர்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நடு மின்முனையை நெம்புகோலின் தாங்கியாகக் கொள்ளலாகாது. அவ்வாறு செய்தால் மின்காப்பானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். விரிசல் வழியே மின்சாரம் கசியும். இரிடியம், பிளாட்டினம் பிளக்குகளின் நுனி ஊசிபோல் மெல்லியது. அவை தொழிற்சாலையிலேயே அளவு செய்யப்பட்டு வருபவை. அவற்றின் நுனியில் தகடு படாதவாறு சரிபார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே நன்று.

புதிய பிளக்கையும் அளந்து பார்த்தே பொருத்த வேண்டும். பெட்டியோடு கீழே விழுந்தாலும் புவி மின்முனை வளைந்துவிடும். ஒரே பிளக் வகையைப் பல எந்திரங்கள் பயன்படுத்துவதால், வரும்போது உள்ள இடைவெளி நம் எந்திரத்திற்கு உரியதாகவே இருக்கும் எனவும் கொள்ள இயலாது.

பொருத்தும் முறை

எந்திரம் முற்றிலும் ஆறிய பின்னரே பிளக்கைக் கழற்ற வேண்டும். பல எந்திரங்களின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. சூட்டோடு கழற்றினால் அதன் மரைகள் பிய்ந்துவிடக்கூடும். கழற்றுமுன் பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதி அகற்ற வேண்டும். அவ்வாறின்றேல் அத்தூசி உருளைக்குள் விழும்.

புதிய பிளக்கை முதலில் கையாலேயே திருக வேண்டும். தடையின்றிச் சுழன்று சென்றால் மரை நேராகப் பொருந்துகிறது எனலாம். தொடக்கத்திலேயே இறுகினால் மீண்டும் கழற்றி நேராக்க வேண்டும். வாஷருடன் கூடிய 14 மில்லிமீட்டர் புதுப் பிளக்கு, கையால் இறுகிய பின் 'ஸ்பேனர்' கொண்டு அரைச் சுற்று திருகினால் போதும். ஏற்கெனவே பயன்படுத்தியதற்கு ஏறத்தாழ 30 டிகிரி அளவே போதுமானது. தளர்வாக இருந்தால் வெப்பம் உலோகத்தின் வழியே வெளியேறாமல் பிளக் அளவுக்கு மீறிச் சூடாகும். வலிந்து முறுக்கினால் மரை கெடும். இங்கும் அளவே காக்கிறது.

நிறம் உணர்த்தும் நலம்

கழற்றிய பிளக் எந்திரத்தின் உள்நலத்தை எடுத்துரைக்கும். நுனி இளம்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எரிதல் சீராக உள்ளது. உலர்ந்த கருங்கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது அல்லது காற்று வடிகட்டி அடைபட்டுள்ளது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் எண்ணெய் உருளைக்குள் கசிகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் வெப்பம் எல்லை கடந்துள்ளது.

மேகமலை போன்ற 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ 14 விழுக்காடு குறையும். கார்புரேட்டர் கொண்ட பழைய ஊர்திகள் இக்குறைவை உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதில்லை. எனவே அங்கு அடிக்கடி ஓடும் அத்தகைய ஊர்தியின் பிளக்கில் கரி படிவது இயல்பு. புதிய ஊர்திகளில் உணரிகள் அதனைச் சரிசெய்துவிடும்.

திராட்சைத் தோட்டத் தெளிப்பான்களுள் சில இரு வீச்சு எந்திரத்தைக் கொண்டவை. அவற்றில் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டும். 'எண்ணெய் கூடினால் எந்திரத்திற்கு நல்லது' என எண்ணிக் கண் அளவாக ஊற்றுவதே பிளக் நனைந்து எந்திரம் கிளம்பாமைக்குப் பெருங்காரணம். கையேட்டில் கூறிய விகிதத்தில் அளவுக் குவளையால் கலந்தால் அக்குறை நேராது.

கரி படிந்த பிளக்கை உப்புத்தாளால் தேய்ப்பது பலரின் வழக்கம். அது மின்காப்பானில் கீறல்களை ஏற்படுத்தும். அக்கீறல்களில் கரி முன்னிலும் விரைவாகத் தங்கும். மென்மையான தூரிகையால் துடைத்து, கரி படிந்த காரணத்தைக் கண்டறிந்து நீக்குவதே முறை. காரணம் நீங்காமல் பிளக்கை மட்டும் மாற்றினால் புதிய பிளக்கும் விரைவில் கருக்கும்.

அளவறிந்து வாழ்தல்

பொறி தவறும் எந்திரம் பெட்ரோலை மட்டும் வீணாக்குவதில்லை. எரியாத எரிபொருள் புகைபோக்கியில் உள்ள வினையூக்கி மாற்றியைச் சென்றடைந்து, அங்கு எரிந்து அதனைக் கெடுக்கிறது. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்கள் கொண்ட அவ்வுறுப்பின் விலையோடு ஒப்பிடப் பிளக்கின் விலை மிகச் சிறியது. நச்சு வளி கூடுதலாக வெளியேறி நாம் சுவாசிக்கும் காற்றை மாசாக்குகிறது. வளைவில் எதிரே பேருந்து வரும்போது விரைந்து ஒதுங்க வேண்டிய ஊர்தி விக்கி நின்றால், உயிருக்கே ஊறு நேரும். இரவில் நோயாளியை ஏற்றிச் செல்லும்போதும் அப்படியே.

இவை அனைத்தையும் தடுக்கக்கூடிய செயல் எளியது. உரிய குறியீட்டைப் படித்து வாங்குதல், தகட்டுமானியால் அளத்தல், அளவோடு இறுக்குதல் ஆகிய மூன்றுமே அது. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. கல்வியும் பொறுமையும் போதும். பழகிய கண்ணும் பழகிய கையும் சிறந்தவையே. எனினும் மயிரிழை வேறுபாட்டைக் காணும் ஆற்றல் கண்ணுக்கு இல்லை என்பதை அறிந்து கருவியை நாடுவதே அறிவியல் மனப்பான்மை. நல்ல தொழிலாளர் தம் அனுபவத்தை நம்புவார். அதனை அளந்தும் பார்ப்பார். கால் நூல் இடைவெளி நமக்குக் கற்றுத்தருவதும் அதுவே.

கலைச்சொற்கள்

தீப்பொறிச் செருகி – ஸ்பார்க் பிளக்
மின்முனை – எலக்ட்ரோடு
மின்காப்பான் – இன்சுலேட்டர்
மின்தூண்டு சுருள் – இக்னிஷன் காயில்
தகட்டுமானி – ஃபீலர் கேஜ்
வெப்ப எண் – ஹீட் ரேஞ்ச்
வினையூக்கி மாற்றி – கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள ஊர்தி பழுதுநீக்கும் பணிமனைக்குச் சென்று, அங்கு வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு இணையான தமிழ்ச் சொற்களை எழுதுக.

2. 'சமவெளியில் ஓடும் ஊர்தி மலையில் திணறுவது ஏன்?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் ஐந்து நிமிடம் உரையாற்றுக.

3. நூல், அங்குலம், மில்லிமீட்டர் ஆகிய அளவுகளை ஒப்பிட்டு, 0.8 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ கால் நூல் ஆகும் எனக் கணக்கிட்டுக் காட்டுக.

4. வீட்டில் உள்ள ஏதேனும் ஒரு கருவியின் பயனர் கையேட்டைப் படித்து, அதிலுள்ள பராமரிப்புக் குறிப்புகளை எளிய தமிழில் எழுதி வகுப்பில் பகிர்க.